மந்தமான புதுக் கணினியும் வாங்குவோர் உரிமையும்

பொருளை விற்போர் அதன் இயல்பை அறிந்தவர். வாங்குவோர் பெரும்பாலும் அறியாதவர். வாணிகம் தோன்றிய நாள் முதலாக உள்ள இவ்வேற்றுமையைக் குறைத்தற்பொருட்டே அளவைகளும் முத்திரைகளும் சட்டங்களும் எழுந்தன. மாத்தளைக் கடைவீதியில் மிளகு வாங்கச் செல்லும் ஒருவர் மணியைக் கையிலெடுத்து நசுக்கிப் பார்ப்பர், முகர்ந்து பார்ப்பர், தராசு காட்டும் நிறையைக் கண்ணாற் காண்பர். வணிகத்திற் பயன்படும் அத்தராசும் படிக்கற்களும் அரசினராற் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்படல் வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் ஏற்பாடு. கணினி வாங்கச் செல்வோர்க்கோ இத்துணைகளுள் ஒன்றும் இல்லை. மூடிய பெட்டியை நசுக்கிப் பார்த்தல் இயலாது. அதன் வேகத்தை நிறுத்துக் காட்டும் முத்திரைத் தராசு எக்கடையிலும் இல்லை. விற்பவர் சொல்லையும் பெட்டியின்மேல் ஒட்டிய சீட்டையும் நம்பியே பெரும் பணத்தைக் கொடுக்கின்றனர்.

மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்று யட்டவத்த. அப்பகுதியில் வாழும் ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். மகள் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திப் பல்கலைக்கழகம் புகவிருக்கின்றாள். தந்தை சேமிப்போடு கடனையும் கூட்டி அவளுக்கு ஒரு மடிக்கணினி வாங்குகின்றார். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அதன் பின் இறக்குமதிப் பொருளாகிய கணினி எளிய குடும்பத்தார்க்கு எத்துணைப் பெரிய முதலீடாயிற்று என்பதை விரித்துரைத்தல் வேண்டா. வீட்டுக்கு வந்த அக்கணினியோ விழித்தெழப் பத்து நிமிடங் கொள்கின்றது. ஒரு பக்கத்தைத் திறந்தால் மறுபக்கம் உறைந்து நிற்கின்றது. கடைக்காரரை வினவினால், “போகப் போகச் சரியாகும்” என்கின்றார். உத்தரவாதச் சீட்டிலே ஓராண்டு என எழுதியிருத்தலின் அவசரம் இல்லை எனக் குடும்பத்தார் காத்திருக்கின்றனர்.

அந்தக் காத்திருப்பே இக்கட்டுரைக்குக் காரணம். உத்தரவாதச் சீட்டு ஓராண்டு கூறினும், நுகர்வோரைக் காக்க எழுந்த நம் நாட்டுச் சட்டம் முறைப்பாடு செய்யக் கொடுக்கும் காலம் விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதங்களே. ஆதலின் கணினி ஏன் மந்தமாக உள்ளது என்பதை அக்காலத்துள் கண்டறிதல் இன்றியமையாதது. நோயை அறிதலும் உரிமையை அறிதலும் இங்கே ஒரு காரியத்தின் இரு பாதிகளே.

மந்தத்தின் வகைகள்

கணினியின் உள்ளமைப்பை விளங்கிக்கொள்ள மறுபடியும் மிளகுக் கடைக்கே செல்வோம். நிறுத்துக் கொடுப்பவரே செயலி. அவர் முன்னுள்ள மேசையே கடைக்காரர் ‘ராம்’ எனக் கூறும் தற்காலிக நினைவகம். கடையின் பின்புறத்துப் பண்டசாலையே கோப்புகள் யாவும் கிடக்கும் சேமிப்பகம். நிறுப்பவர் எத்துணை விரைவுடையவராயினும், மேசை சிறிதாயின் ஒவ்வொரு பொருளுக்கும் பண்டசாலைக்கு ஓடுதல் வேண்டும். பண்டசாலையும் தூரத்தே இருப்பின் வாடிக்கையாளர் காத்து நிற்றலே கதியாகும். கணினியின் மந்தம் பெரும்பாலும் நிறுப்பவரின் கைவிரைவினால் அன்று. மேசையின் சிறுமையினாலும் பண்டசாலையின் தூரத்தினாலுமே உண்டாகின்றது.

இவ்வடிப்படையில் புதுக் கணினியின் மந்தத்தை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, புதிதாய்க் குடியேறியமையால் வரும் தற்காலிக மந்தம். இரண்டாவது, குறைந்த உறுப்புகளால் ஆக்கப்பட்டமையால் இயல்பாகவே உள்ள மந்தம். மூன்றாவது, உறுப்புப் பழுதுற்றமையால் வரும் மந்தம். முதலாவது தானே தீரும். மூன்றாவதற்கு விற்றவர் பொறுப்பாளி. இரண்டாவதற்கு யார் பொறுப்பென்பது, விற்கும்போது என்ன சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்தது. மூன்றையும் பிரித்தறியாது கடைக்காரரோடு வாதிடுவோர் தோற்பர். பிரித்தறியாது வாளாவிருப்போரும் இழப்பர்.

தானே தீரும் மந்தம்

புதுக் கணினி முதன்முறை இணையத்தோடு இணைந்தவுடன், தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட நாள் முதல் வெளிவந்த திருத்தங்கள் யாவற்றையும் இறக்கிக்கொள்ளத் தொடங்கும். உள்ளிருக்கும் கோப்புகளுக்கு அட்டவணை அமைக்கும். தீநிரல் உண்டோ எனத் தேடும். இவையெல்லாம் திரைக்குப் பின்னே நிகழ்வன. வேகமான இணைப்புள்ள நகரத்தில் இரண்டொரு நாளில் முடியும் இவ்வேலை, கைத்தொலைபேசியின் தரவுப் பொதியை நம்பியிருக்கும் மலைப்புறத்து ஊரில் வாரக்கணக்கில் நீளக்கூடும். மாணவி நாள்தோறும் அரைமணி நேரம் மட்டும் இணைப்பைத் திறப்பாளாயின், ஒவ்வொரு நாளும் அந்த அரைமணி நேரத்தையே இத்திருத்தங்கள் விழுங்கும். ஆதலின் வாங்கிய முதல் வாரத்திலேயே நல்ல இணைப்புள்ள ஓரிடத்தில், மின்னேற்றியைச் செருகியவாறு, ஓர் இரவு முழுவதும் கணினியை இயங்கவிடுதல் நன்று. திருத்தங்கள் முடிந்தபின் அதனை நிறுத்தி மீளத் தொடங்குதல் வேண்டும்.

அடுத்து, தயாரிப்பாளர் முன்னரே ஏற்றி அனுப்பிய மென்பொருள்களைக் கவனித்தல் தகும். சிலநாட் சோதனைக்கெனத் தரப்பட்ட தீநிரற் காப்பு மென்பொருள் இவற்றுள் முதன்மையானது. விண்டோஸ் இயங்குதளத்தில் அத்தகைய காப்பு ஏற்கெனவே உள்ளது. ஆகவே தேவையற்ற சோதனைப் பதிப்பை நீக்குதல் சுமையைக் குறைக்கும். கணினி விழிக்கும்போதே தாமும் விழித்தெழும் பிற மென்பொருள்களையும் அமைப்புகளிற் சென்று நிறுத்தலாம். கணினியை மெத்தைமேல் வைத்துக் காற்றுத் துவாரத்தை அடைத்தல், அதற்குரியதல்லாத வலுக்குன்றிய மின்னேற்றியைப் பயன்படுத்தல், மின்சேமிப்பு நிலையிலேயே வைத்திருத்தல் ஆகிய மூன்றும் வேகத்தைக் குறைப்பன. இவை நம்மால் நீங்கும் குறைகள். இவற்றுக்காக விற்றவரைக் குறை கூறுதல் முறையன்று.

இயல்பாகவே உள்ள மந்தம்

இவை யாவும் செய்து இரண்டு வாரங் கழிந்த பின்னும் கணினி ஊர்ந்து செல்லுமாயின், அதன் உறுப்புகளை ஆராய்தல் வேண்டும். விசைப்பலகையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தின் டாஸ்க் மனேஜர் என்னும் பலகை தோன்றும். செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை வீதம் உழைக்கின்றது என்பதை அது எண்ணாற் காட்டும். முத்திரைத் தராசு இல்லாத குறையை ஒருவாறு நீக்கும் கருவி இதுவே. நினைவகம் எந்நேரமும் தொண்ணூறு வீதத்துக்கு மேல் நிரம்பியிருப்பின் மேசை போதாது என்க. செயலி ஓய்ந்திருக்கச் சேமிப்பகம் மட்டும் நூறு வீதத்தில் நிற்குமாயின் பண்டசாலையே தடை என்க.

பண்டசாலையின் தூரத்தைக் கணித்தும் காட்டலாம். மடிக்கணினிகளிற் பெருவழக்காக இருந்த சுழலும் வன்தட்டு நிமிடத்துக்கு 5400 முறை, அதாவது செக்கனுக்கு 90 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிசெக்கன் ஆகும். வேண்டிய தகவல் வாசிக்கும் முனையின் கீழ் வருவதற்குச் சராசரி அரைச் சுற்று, அஃதாவது ஐந்தரை மில்லிசெக்கன், காத்தல் வேண்டும். முனையைத் தாங்கிய கை உரிய இடத்துக்கு நகர்தற்கு மேலும் பத்து மில்லிசெக்கன் அளவிற் செல்லும். ஆகவே சிதறிக்கிடக்கும் சிறு கோப்புகளைச் செக்கனுக்கு அறுபது, எழுபது முறைக்கு மேல் அதனால் எடுத்தல் அரிது. சுழலும் பகுதி எதுவுமற்ற எஸ்.எஸ்.டி. என்னும் திண்மநிலைச் சேமிப்பகமோ இதே வேலையைச் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை செய்யவல்லது. இயங்குதளம் விழித்தெழ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை வாசிக்க வேண்டியிருத்தலின், ஒன்றுக்கு நிமிடக்கணக்கும் மற்றதற்குச் செக்கன்கணக்கும் ஆதல் வியப்பன்று. ஒரு டெராபைட் கொண்ட வன்தட்டு, 256 ஜிகாபைட் கொண்ட எஸ்.எஸ்.டி.யை விடச் சிறந்தது எனப் பெரிய எண்ணைக் கண்டு மயங்குவோர் பலர். பண்டசாலையின் பரப்பு வேறு. அதன் அண்மை வேறு.

நினைவகத்திற்கும் இஃது ஒக்கும். 2021ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 11 இயங்குதளத்துக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் விதித்த ஆகக்குறைந்த தேவை 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பகமும் ஆகும். ஆகக்குறைந்த தேவை என்பது இயங்குவதற்குப் போதுமானது. இனிது இயங்குவதற்குப் போதுமானதன்று. காணொளி வகுப்பும் கட்டுரை எழுதுதலும் ஒருங்கே செய்யும் மாணவர்க்கு 8 ஜிகாபைட்டிற் குறைந்தது இடர் தரும். பின்னர்க் கூட்டிக்கொள்ளலாம் என எண்ணி வாங்குவோர், அக்கணினியில் நினைவகம் மாற்றக்கூடியதா, தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என்பதை முன்னரே வினவுதல் வேண்டும்.

‘இயங்கும்’ என்பதற்கும் ‘இனிது இயங்கும்’ என்பதற்கும் இடையேயுள்ள இவ்வேறுபாடு நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. 2006ஆம் ஆண்டில், வெளிவரவிருந்த விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்துக்கு ஏற்றவை என்னும் பொருள்பட்ட ஒட்டுச்சீட்டுடன் பல கணினிகள் விற்கப்பட்டன. அவற்றுட் சில, விஸ்டாவின் சிறப்புகளெல்லாம் நீக்கப்பட்ட அடிநிலைப் பதிப்பை மட்டுமே இயக்கவல்லனவாய் இருந்தன. வாங்கியோர் 2007இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் வழக்குத் தொடுத்தனர். 2008இல் அதனை வாங்கியோர் பலரின் கூட்டு வழக்காக ஏற்ற நீதிமன்றம், 2009 பெப்ரவரியில் அந்நிலையை நீக்கிவிட்டது. ஒட்டுச்சீட்டின் சொல்லை நம்பி ஏமாந்த பின் நீதியைத் தேடுதல் எத்துணைக் கடினம் என்பதற்கு இஃது ஒரு சான்று. வாங்குமுன் வினவும் ஒரு வினா, வாங்கிய பின் நடத்தும் பல்லாண்டு வழக்கினும் வலிமை வாய்ந்தது.

பழுதும் பொய்யும்

மூன்றாவது வகை, உறுப்பின் பழுது. சேமிப்பகம் வாசிக்கத் தடுமாறுதல், நினைவகச் சில்லு பிழைபடுதல், விசிறி சுழலாமையாற் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளுதல் முதலியன இதன்பாற்படும். நினைவகத்தைச் சோதிக்கும் கருவி விண்டோஸினுள்ளேயே உண்டு. சேமிப்பகத்தின் நலத்தைக் காட்டும் இலவச மென்பொருள்களுள் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்பது பலரறிந்தது. அச்சேமிப்பகம் இதுவரை எத்தனை மணி நேரம் இயங்கியுள்ளது என்பதையும் அது காட்டும். நேற்று வாங்கிய ‘புதுக்’ கணினியின் சேமிப்பகம் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைத்ததாகக் காணப்படின், அது புதியதன்று என ஐயுறப் போதிய காரணம் உண்டு. கணினியின் அமைப்புகளிற் காணும் செயலியின் பெயரையும் நினைவகத்தின் அளவையும் பற்றுச்சீட்டில் எழுதியவற்றோடு ஒப்பிடுதலும் முதல் நாளே செய்யத்தக்கது.

இத்தகைய சோதனையால் ஒரு தனி மனிதர் எத்துணைப் பெரிய நிறுவனத்தையும் பதில் கூறச் செய்யலாம் என்பதற்கு 1994ஆம் ஆண்டின் வரலாறு சான்று பகரும். அமெரிக்க வேர்ஜீனியாவிலுள்ள லிஞ்ச்பர்க் கல்லூரியின் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்கள் பற்றிய ஆய்வுக்காகத் தம் புதிய பென்டியம் கணினியிற் கணிப்புகள் செய்துவந்தார். விடைகள் பிழைபடக் கண்ட அவர், உடனே பிறரைக் குறை கூறினாரல்லர். தம் நிரலையும் கணினியின் ஏனைய பகுதிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கினார். மாதக்கணக்கான ஆராய்ச்சியின் பின்னரே செயலியின் வகுத்தற் பகுதியிற் குற்றம் உண்டு எனத் துணிந்து வெளியிட்டார். அதனைத் தயாரித்த இன்டெல் நிறுவனம், அக்குற்றத்தாற் பாதிப்புண்டு எனக் காட்டுவோர்க்கு மட்டுமே மாற்றித் தருவதாக முதலிற் கூறியது. பொதுமக்களின் வெறுப்பைக் கண்டு டிசம்பர் மாதத்தில், கேட்போர் எல்லார்க்கும் மாற்றித் தர இசைந்தது. இதன் பொருட்டு அந்நிறுவனம் ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டொலர். பிற காரணங்களைத் தாமே விலக்கிய பின் முறையிட்டமையே அப்பேராசிரியரின் சொல்லுக்கு வலிமையாயிற்று.

சட்டம் தரும் துணை

நம் நாட்டில் இதுபற்றிய சட்டங்கள் இரு தலைமுறையின. முதலாவது, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். 1893ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவிய இஃது, ‘வாங்குவோனே, விழித்திரு’ என்னும் பழைய நெறியை அடியாகக் கொண்டது. எனினும் இரண்டு முக்கிய விதிவிலக்குகளைத் தருகின்றது. வாங்குபவர் இன்ன தேவைக்கு வேண்டும் எனத் தெரிவித்து, விற்பவரின் அறிவை நம்பி வாங்குவாராயின் பொருள் அத்தேவைக்கு ஏற்றதாதல் வேண்டும். விவரிப்பைக் கொண்டு, அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாக உடையவரிடம் வாங்கின், அது விற்பனைக்கேற்ற தரமுடையதாதல் வேண்டும். ஆயின் ஒரு குறித்த பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லி வாங்குவோர்க்கு முதலாவது காப்பு இல்லை. ஆகவே கடைக்குச் சென்று, “இன்ன மாதிரியைத் தாரும்” என்பதினும், “என் மகளின் பல்கலைக்கழகப் படிப்புக்கு ஏற்றதைத் தாரும்” என்பதே சட்டத்தின் கண்ணிற் சிறந்த சொல்லாகும். அதனைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்தல் இன்னும் சிறந்தது. விற்பவர் தம் பொறுப்பை விலக்கி எழுதும் நிபந்தனைகளுக்கு 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் வரம்பிடுகின்றது.

இரண்டாம் தலைமுறைச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். பாதுகாப்பு, தகவல் அறிதல், தெரிவு செய்தல், செவிமடுக்கப்படல் என்னும் நான்கு உரிமைகளையும் 1962 மார்ச்சு 15ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி தம் நாட்டுப் பேரவைக்கு எடுத்துரைத்தார். அவற்றை நம் நாட்டில் நடைமுறைப்படுத்தும் கருவி எனலாம் இச்சட்டத்தை. பொருளைப் பயன்படுத்துவோரையும் நுகர்வோர் என இச்சட்டம் கொள்ளுதலின், பணங் கொடுத்த தந்தையேயன்றிப் பயன்படுத்தும் மகளும் நுகர்வோரே. வாங்குபவர் கேட்பாராயின், நாளும் அளவும் விலையும் குறித்த பற்றுச்சீட்டை வணிகர் கொடுத்தேயாதல் வேண்டும். பிறரை ஏமாற்றும் நடத்தையும், பொருளின் தரம், வகை முதலியன பற்றிப் பொய்யுரைத்தலும் தடுக்கப்பட்டுள்ளன. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி முறையிடின், அதிகாரசபை விசாரணை நடத்தும். குறை மெய்ப்படின் இழப்பீடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அது கட்டளையிடலாம்.

இத்துணைப் பயனுள்ள இவ்வழி, எழுத்து மூலமாகவும் விற்பனை நாளிலிருந்து மூன்று மாதத்துள்ளும் முறையிடுவோர்க்கே திறந்திருக்கும். குறையைக் கண்டுபிடித்த நாளிலிருந்தன்று. விற்பனை நாளிலிருந்தே என்பதை மறத்தலாகாது. கடைக்காரர் இருமுறை திருத்தித் தருவதாகக் கூறிக் கணினியை வைத்துக்கொள்வாராயின், அந்த நாட்களும் இம்மூன்று மாதத்துள்ளேயே கழியும். அதன் பின்னும் உத்தரவாதச் சீட்டு செத்துவிடாது. குடியியல் நீதிமன்றமும், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளும் உள்ளன. ஆயின் செலவின்றி அரசின் அமைப்பொன்றே விசாரித்துக் கட்டளையிடும் எளிய வழி அடைபட்டுவிடும்.

செய்யத்தக்கன

ஆகவே வாங்கும் நாளில் செயலியின் பெயர், நினைவகத்தின் அளவு, சேமிப்பகத்தின் வகை, புதியது என்னும் சொல் ஆகிய நான்கையும் பற்றுச்சீட்டில் எழுதுவித்தல் வேண்டும். முதல் இரு வாரத்தில், தானே தீரும் மந்தத்துக்கு வேண்டியன யாவும் செய்து முடித்தல் வேண்டும். அதன் பின்னும் குறை நீங்காதாயின், விழித்தெழக் கொள்ளும் நேரம், டாஸ்க் மனேஜர் காட்டும் வீதங்கள், சோதனை மென்பொருளின் முடிவுகள் ஆகியவற்றை நாளோடு எழுதிப் படமும் எடுத்து வைத்தல் வேண்டும். கணினியைத் தாமே திறத்தலும் வேறொரு திருத்துநரிடம் கொடுத்தலும் ஆகா. பின்னர் அதுவே விற்றவர்க்கு விடையாகிவிடும். முதல் மாதத்துள் விற்றவர்க்கு எழுத்திற் குறையை அறிவித்துப் பிரதியொன்றைக் காத்தல் வேண்டும். கணினியைத் திருத்தக் கொடுப்பின், கொடுத்த நாளையும் சொன்ன குறையையும் எழுதிய சீட்டைப் பெறல் வேண்டும். இரண்டாம் மாத முடிவுக்குள் தீராவிடின் அதிகாரசபைக்கு எழுதுதல் வேண்டும். 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அதன் ஆலோசனையைப் பெறலாம். மாவட்ட மட்டத்திலும் அதற்கு அலுவலர் உளர். யட்டவத்தப் பகுதியார் அக்கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். அரச அலுவலரோடு தமிழிற் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 1988ஆம் ஆண்டுப் பதினாறாந் திருத்தத்தால் உறுதிப்பட்டது.

இவ்வளவும் ஒரு தோட்டத்துத் தந்தையால் தனித்துச் செய்யத்தக்கனவோ என ஐயம் எழலாம். இங்கேதான் கல்லூரியின் கடமை தோன்றுகின்றது. தகவல் தொழினுட்பம் பயிலும் உயர்வகுப்பு மாணவர் இருவர், ஆசிரியர் ஒருவரின் துணையோடு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெற்றோரின் புதுக் கணினிகளைச் சோதித்து, முடிவை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாராயின், அத்தாள் முத்திரைத் தராசின் வேலையைச் செய்யும். சட்டம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் முறைப்பாட்டுக் கடிதத்துக்கு ஒரு மாதிரி வரைந்து தருவாராயின் அது பல குடும்பங்களுக்குப் பயன்படும். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலே வாணிகர்க்கு நல்வாணிகம் என்பது வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியில் வைத்த கருத்து. அவ்வாறு பேணும் வணிகர் பலர் உளர். பேணாதாரிடம் நம் பொருளை நாமே பேணிக்கொள்ளுதற்குப் பற்றுச்சீட்டும், நாளோடு குறித்த சில எண்களும், மூன்று மாதம் என்னும் நினைவும் போதும்.